மருந்துச் சாக்கில் தவிடு வைக்காதீர்கள்

(நம் அறக்கட்டளையிடம் ஆடு வளர்ப்பு உதவி பெற்ற குடும்பங்களுக்காக விருதுநகரில் நடத்தப்பட்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அறக்கட்டளையின் பெரியவர்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆட்டுக்குக் காவல் வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. லுஹருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

நம் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நான் ஊசியில் ஏற்றுவதும் மருந்துதான். பட்டாசு ஆலையில் குழாய்க்குள் அடைப்பதும் மருந்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஒருநாள் காலையில் ஓர் அம்மா ஓடி வந்து, "ஐயா, ஆடு மருந்தைத் தின்னுருச்சு" என்றார். "என்ன மருந்து, யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஆலை மருந்துய்யா" என்றார்.

சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அந்த அம்மாவிடம் ஆறு கன்னி ஆடுகள். உங்களில் பலர் வளர்ப்பதும் அதே இனம்தான். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. நான் போனபோது இரண்டு செத்துக் கிடந்தன. இரண்டு படுத்துக் கிடந்தன. மீதி இரண்டு தள்ளி நின்றன, அவற்றுக்கு ஒன்றுமில்லை. படுத்திருந்த ஆடுகளைப் பார்த்தால் மனது கேட்கவில்லை. கண் விழித்திருக்கிறது, கூப்பிட்டால் காது அசைகிறது, எழுந்திருக்க வேண்டும் என்று நினைப்பது முகத்திலேயே தெரிகிறது; கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. தொடைச் சதை துடித்துக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது, கழிச்சல் வேறு. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதயம் இரண்டு அடி அடிக்கிறது, ஒன்றை விடுகிறது, பிறகு அவசரமாக நாலைந்து அடிக்கிறது.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். தவிடு என்றார். எதில் வைத்தீர்கள் என்றேன். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கை இரண்டாக வெட்டி விரித்து, அதன் மேல் தவிட்டைக் கொட்டியிருந்தார். பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்த சாக்கு. திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'பேரியம் நைட்ரேட்' என்று அச்சடித்திருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழே கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் தெரியும். "அலசித்தான்யா வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை. ஆனால் நெய்த சாக்கின் இடுக்குகளிலும் தைத்த மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும் தூள் ஒரு வாளித் தண்ணீருக்குப் போகாது. தவிட்டின் ஈரத்தில் அது கரைந்து மேலே வந்திருக்கிறது. உப்புச் சுவைக்கு ஏங்கும் ஆடு சாக்கையும் சேர்த்து நக்கியிருக்கிறது.

பேரியம் நைட்ரேட் எதற்கு என்று ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை ஒளி தருவது அதுதான். கம்பி மத்தாப்பு எரிவதற்கும் அதுதான் நெடுங்காலமாக ஆதாரம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 90 கிராம் கரையும். கரைவதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரியில் வயிற்றுப் படம் எடுக்கக் குடிக்கச் சொல்லும் வெள்ளைக் கூழும் பேரியம்தானே, அது ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று சிலர் கேட்பார்கள். அது பேரியம் சல்பேட். தண்ணீரிலும் கரையாது, இரைப்பை அமிலத்திலும் கரையாது; வந்த வழியே வெளியே போய்விடும். நைட்ரேட்டும் குளோரைடும் கரைந்து ரத்தத்தில் ஏறும். கார்பனேட் வெறும் தண்ணீரில் கரையாவிட்டாலும் இரைப்பை அமிலத்தில் கரைந்துவிடும். அதனால்தான் அதை ஒரு காலத்தில் எலி மருந்தாகப் பயன்படுத்தினார்கள். பாருங்கள், மறுபடியும் மருந்து!

ரத்தத்தில் ஏறிய பேரியம் என்ன செய்கிறது? சதையின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் பொட்டாசியம் வெளியே போக ஒரு வாசல் உண்டு. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தால்தான் சதை சுருங்கி விரியும். பேரியம் அந்த வெளிவாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. பொட்டாசியம் உள்ளேயே சிறைப்படுகிறது, ரத்தத்தில் அதன் அளவு சரிகிறது. சதை முதலில் துடிக்கும், பிறகு தளரும். கால், பிறகு மூச்சு விடும் சதை, கடைசியில் இதயம். மூளைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அந்த ஆடுகள் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தன.

பேதி உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டேன். பேதி உப்பு மெக்னீசியம் சல்பேட். வயிற்றில் மிச்சமிருக்கும் பேரியத்தை அது கரையாத சல்பேட்டாக மாற்றிவிடும். ரத்தத்துக்குப் பொட்டாசியமும் கொடுத்தேன். ஒன்று பிழைத்தது. இன்னொன்று சாயங்காலம் போய்விட்டது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் நீங்களாகவே ஆட்டின் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். விழுங்க முடியாத ஆட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், நஞ்சுக்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இந்தக் கதையில் நான் உங்களிடம் சொல்ல வந்த இடம் இதுவரை வரவில்லை. நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு தரகர் வந்து நின்றார். படுத்திருந்த இரண்டு ஆட்டையும் பார்த்தார். "உசுரு இருக்கும்போதே அறுத்துட்டா ஹலால்தானே டாக்டர்? அந்த அம்மாவுக்கும் நாலு காசு கிடைக்கும், பாவம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மாவின் கண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த ஆடுகள்தான் அவர் வீட்டுச் சேமிப்பு என்று எனக்குத் தெரியும்.

அறுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை, அது ஆலிம்களின் வேலை. குர்பானிக்கு வெளிப்படையான நோயுள்ளதும், குருடானதும், நொண்டியும், எலும்பாய் மெலிந்ததும் ஆகாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவரிடம் கேட்டது வேறு: இந்த ஆட்டின் ஈரலை உங்கள் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? அவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் நான் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் வந்திருந்தால்? நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கறி எந்தக் கடையில் தொங்கியிருக்குமோ.

பேரியமாவது ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டு அடிக்கிறது. ஈயம் அப்படி இல்லை.

ஈயம் என்றால் உடனே லாரி பேட்டரி ஞாபகத்துக்கு வர வேண்டும். மாடு பழைய பேட்டரித் தகட்டை ஆசையாக நக்கும், அதற்கு அந்த உப்புச் சுவை பிடிக்கும். பழைய எனாமல் பெயின்ட் உரிந்த கதவையும் நக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட் இன்னும் எத்தனை வீட்டு வாசலில் இருக்கிறது! மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடிக்கிறார்களே, பக்கத்து மாடு அதை நக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயிறு நான்கு அறை. கனமான பொருள் எதை விழுங்கினாலும் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். உள்ளே தேனடை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். கடையில் குடல் வாங்கிக் கழுவும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஈயத் துண்டு அங்கே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரக்கணக்கில் ரத்தத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். தீபாவளி முடிந்து தெருவில் கிடக்கும் எரிந்த மத்தாப்புக் கம்பியும் இதே அறைக்குத்தான் போகிறது. அந்தக் கம்பி அறையின் சுவரைக் குத்தி, உதரவிதானத்தைத் தாண்டி, இதயம் வரைக்கும் போகும். மாட்டின் இதயத்தில் மத்தாப்புக் கம்பி! என் சர்வீசில் நஞ்சை விட அந்தக் கம்பி கொன்ற மாடுகள் அதிகம். நான் பேச வந்த விஷயத்துக்கு இது கொஞ்சம் வெளியே என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. எரித்து முடித்த கம்பியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பொறுக்கி எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தண்ணீரை ஆட்டுத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

ஈயம் ஏறிய கன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். பல்லைக் கடிக்கும். கண் பார்க்கத் தெளிவாக இருக்கும், பார்வை இருக்காது. மூளையின் மேற்பட்டை வீங்கி அழிவதால் வருவது. அது கடுமையான நிலை. அதற்குக் கீழே, வெளியே ஒன்றுமே தெரியாமல் ஈயத்தைச் சுமந்துகொண்டு மேய்கிற ஆடு மாடு எத்தனையோ. அவைதான் நமக்குக் கவலை. ஈயம் உடம்பில் எங்கே போகிறது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் ரத்தம். அங்கிருந்து ஈரல், சிறுநீரகம். பிறகு மெதுவாக எலும்பு. நம் உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்புக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. வளர்ந்த மனிதரின் உடம்பில் தங்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். ரத்தத்தில் உள்ளது ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் உள்ளது குறையப் பல வருடங்கள் ஆகும். சினையாக இருக்கும்போதும் பால் சுரக்கும்போதும் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கும் அல்லவா, அதோடு ஈயமும் இறங்கும். கருவுக்குப் போகும், பாலுக்குப் போகும். ஆட்டுக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். காட்மியம் என்று இன்னொன்று, அதற்குச் சிறுநீரகத்தின் மேல் ஆசை. வயது ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும்.

ஈரல், சிறுநீரகம், எலும்பு. நம் வீடுகளில் இவை யாருக்குப் போகின்றன? ஈரல் பல் முளைத்த பிள்ளைக்கு. நெஞ்செலும்பு சூப் பிள்ளை பெற்றவளுக்கு. ஆட்டுக்கால் பாயா காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு. யாரிடம் மிகவும் பிரியமோ, யார் மிகவும் பலவீனமோ, அவர்களுக்கு. பெரியவர் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், குழந்தைக்குப் பாதி வரைக்கும் சேர்ந்துவிடும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பாலில் ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்பது சர்வதேச உணவு விதி. குடிநீரில் லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், பேரியம் 0.7 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு.

"நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடாதா?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். கிருமி போகும், உலோகம் போகாது. அது உயிருள்ளது இல்லை சாவதற்கு. பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், உலோகம் சட்டியிலேயே நிற்கும். ஐந்து லிட்டர் பாலில் இருந்தது ஒரு லிட்டரில் வந்து நிற்கும். மஞ்சள், எலுமிச்சை, உப்பு எதுவும் அதை எடுக்காது. புளியும் எலுமிச்சையும் எலும்பிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கிவிடலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கரிசல் காட்டில் வேலிப் பருத்தியும் கருவேல நெற்றும் தின்று வளர்ந்த ஆட்டின் ஈரலைப் போல நல்ல உணவு ஏழைப் பிள்ளைக்குக் கிடையாது. ஆடு எங்கே மேய்ந்தது, எதில் தின்றது என்பதுதான் கேள்வி.

இங்கே உங்களுக்கு ஒரு பழைய சம்பவம் சொல்ல வேண்டும். 1971-ல் இராக்கில் கடும் வறட்சி. விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கோதுமையும் பார்லியும் இறக்குமதி செய்தார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க விதையில் பாதரச மருந்து தடவியிருந்தது. தின்னக்கூடாது என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தது. சாக்கில் எச்சரிக்கையும் இருந்தது, ஆனால் அந்த விவசாயிகளுக்குத் தெரியாத ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். பல ஊர்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமே முடிந்துவிட்டது. வீட்டில் பசி. சாயத்தைத் தண்ணீரில் கழுவினார்கள், சிவப்புப் போனது. விஷமும் போய்விட்டது என்று நினைத்தார்கள். அப்போதும் சிலர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். முதலில் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் காத்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி சுட்டார்கள். இந்தப் பாதரசம் உடம்பில் சேர்ந்து வேலையைக் காட்ட வாரக்கணக்கில் ஆகும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? 6,530 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் மட்டும் 459 பேர்.

கழுவினார்கள், சோதித்தும் பார்த்தார்கள். நம் ஊர் அம்மாவும் அலசித்தான் வைத்தார். சாக்கில் இருந்த எழுத்தை இருவராலும் படிக்க முடியவில்லை.

மிருகம் நமக்கு முன்னால் எச்சரிக்கும் என்பதும் பொய் இல்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் 1950-களில் பூனைகள் கிறுக்குப் பிடித்து ஆடின, சுழன்று விழுந்தன. மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1956-ல் குழந்தைகளுக்கு அதே நோய் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ரசாயன ஆலையின் கழிவிலிருந்த பாதரசம் கடலுக்கு, மீனுக்கு, மீன் தின்ற பூனைக்கு, மனிதருக்குப் போயிருந்தது. அந்த ஆலையின் சொந்த மருத்துவரே 1959-ல் ஒரு பூனைக்கு ஆலைக் கழிவைக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தார். அதை வெளியே சொல்ல விடவில்லை. ஆகவே நம் ஊரில் ஆட்டுக்கோ கோழிக்கோ காரணம் தெரியாமல் கால் இழுத்தால், அதை ஆட்டு நோய் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடு நல்லா இருக்கிறதே என்பதை வைத்துப் பால் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள்.

சட்டம் இல்லையா என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். இருக்கிறது. 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம், பட்டாசில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், ஈயம் எந்த வடிவிலும் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. (லித்தியம் தண்ணீரில் மிதக்கும் அளவு லேசான உலோகம், அதை எப்படிக் கன உலோகம் என்கிறீர்கள் என்று வேதியியல் ஆசிரியர் யாராவது சண்டைக்கு வந்தால் அவர் சொல்வது சரிதான். எடையை விட நஞ்சைத்தான் நாம் இங்கே பார்க்கிறோம்.) 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. 2021-ல் சி.பி.ஐ. விசாரணை அறிக்கையைப் பார்த்துவிட்டு, தடை மீறப்படுகிறது என்று நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. தடையை மறுபடி உறுதி செய்தது. பேரியம் இல்லாவிட்டால் பாதித் தொழில் போய்விடும் என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள், லட்சக்கணக்கான குடும்பங்கள். அந்தப் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. இந்தக் கூட்டத்திலேயே எத்தனை வீட்டு அடுப்பு அந்தக் கூலியில் எரிகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. தடை வந்த நாளில் பழைய சாக்கெல்லாம் மறைந்துவிடவில்லை. பல வருடமாகக் கழிவு கொட்டி எரித்த பள்ளத்து மண்ணில் இறங்கிய உலோகம் மட்கிப் போவதும் இல்லை. அந்தப் பள்ளத்தில்தான் மழைக்குப் பிறகு முதல் புல் முளைக்கிறது. ஆட்டுக்காரருக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதல் காரியம் சாக்கும் டிரம்மும். ஆலையிலிருந்து வந்த சாக்கு, டிரம், பிளாஸ்டிக் வாளி எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். தீவனம் வைக்க வேண்டாம், தண்ணீர் பிடிக்க வேண்டாம், மழைக்குக் கொட்டகையில் படுதாவாகக் கட்டவும் வேண்டாம். நீல டிரம் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பார்கள். உங்கள் ஆடு என்ன விலை?

காகிதம். ஆட்டுக்குக் காகிதம் என்றால் உயிர், அதிலும் பசை தடவிய காகிதம். பட்டாசுக் குழாய் என்பது காகிதமும் பசையும்தான். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் சிவப்புக் காகிதத்தை ஆடுகள் மேய்வதைப் பார்க்கிறீர்கள். வெடிக்காமல் நமுத்துப்போன வெடியும் அதற்குள் கிடக்கும். ஆலைக்கு வெளியே கொட்டும் கழிவிலும் அதே கதை. அந்த ஒரு வாரம் ஆட்டைக் கட்டிவைத்துத் தழை போடுங்கள். வெடியுப்பு தின்ற ஆடு வேறு விதமாகச் சாகும்: மூச்சு வாங்கும், அறுத்தால் ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அது உலோகத்தின் வேலை இல்லை, நைட்ரேட்டின் வேலை. ஆனால் அப்படி ரத்தத்தைப் பார்த்தால் அந்தக் கறியைத் தொடாதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்.

வேலைத் துணி. மருந்து அறையில் வேலை பார்த்துவிட்டு வரும் அத்தா, வாசலிலேயே சட்டையை மாற்றிக் கை கால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியை ஆட்டுத் தொட்டித் தண்ணீரில் அலசாதீர்கள். நைஜீரியாவில் சம்ஃபாரா என்ற பகுதியில், முஸ்லிம் கிராமங்கள்தான், தங்கம் கலந்த கல்லை வீட்டு முற்றத்திலேயே வைத்து மாவு மில்லில் அரைத்தார்கள். அந்தக் கல்லில் ஈயம் இருந்தது. 2010-ல் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். வேலையை வீட்டுக்குள் கொண்டு வந்தது மட்டும்தான் அவர்கள் செய்த பிழை. குழாய் சுற்றுவது வேறு, மருந்தை வீட்டில் வைத்து அடைப்பது வேறு. இரண்டாவது சட்டப்படியும் குற்றம்; அதில் எத்தனை வீடு வெடித்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டுக்கு உப்புக் கட்டி ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். தாது உப்புக் கலவையைத் தவிட்டில் சேருங்கள். சத்துக் குறைந்த ஆடுதான் சுவரையும் மண்ணையும் சாக்கையும் நக்கும். சுண்ணாம்பும் இரும்பும் போதாத உடம்பில்தான் ஈயம் அதிகம் ஏறும். பத்து ஆடு செத்தபிறகு என்னைக் கூப்பிடும் செலவில் பத்து வருடத்துக்கு உப்புக் கட்டி வாங்கலாம்.

திடீரென்று ஆடு செத்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள், அறுக்கவும் விற்கவும் வேண்டாம். மருத்துவர் வந்து ஈரல், சிறுநீரகம், இரைப்பையில் உள்ளது எல்லாவற்றையும் தனித்தனிக் குப்பியில் எடுத்து அனுப்பினால்தான் என்ன நஞ்சு என்று தெரியும். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்குத் தூரம் இல்லை. முடிவு வரத் தாமதமாகும்தான். நான் சொன்ன அந்த அம்மாவின் ஆட்டு முடிவு வருவதற்குள் அவர் பிழைத்த ஆடுகளையும் விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

அறக்கட்டளைப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆடு வாங்கிக் கொடுக்கிறீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். அந்த ஆடுகள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரையும் வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு அனுப்பச் செலவு செய்யுங்கள். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஈயமும் பேரியமும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். மழைக்கு முன்னால் ஒன்று, தீபாவளி மழைக்குப் பின்னால் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது. ஆட்டோடு சேர்த்து இரண்டு நல்ல தீவனத் தட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். சாக்கை வெட்டி விரிக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? தட்டு வாங்கக் காசில்லை.

கேள்விகள் இருக்கின்றன போலிருக்கிறது. கைக்குழந்தைக்கு ஈரல் கொடுக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்கிறார். கொடுங்கள். ரத்தசோகை உள்ள பிள்ளைக்குத்தான் ஈயமும் அதிகம் ஏறும், ஆகவே இரும்புச் சத்து வேண்டும். தெரிந்த கசாப்புக் கடையில், எந்தப் பக்கத்து ஆடு என்று கேட்டு வாங்குங்கள். இளம் ஆட்டு ஈரலாகக் கேளுங்கள், கிழட்டு ஆட்டில் சேர்ந்திருப்பது அதிகம். சிறுநீரகத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாடிக்கையாகக் கொடுக்க வேண்டாம்.

அங்கே கடைசியில், நீங்கள் சொல்லுங்கம்மா. சாக்கா? இப்போதும் கொட்டகையில் கிடக்கிறதா? எரிக்காதீர்கள், அது சாதாரணச் சாக்கு மாதிரி எரியாது, ஆளையே சுட்டுவிடும். கண்மாயில் கொண்டுபோய் அலசவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, தூசு பறக்காமல் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆடுகளை இன்றைக்கே வேறு இடத்தில் கட்டுங்கள். எத்தனை ஆடு? நாலா? எல்லாம் நன்றாக அசை போடுகின்றனவா? நாளைக் காலை எட்டு மணிக்கு நான் அந்தப் பக்கம் வருகிறேன், சாக்கையும் ஆட்டையும் பார்த்துவிடலாம்.